தோட்டத்திலிருந்து தாமானுக்கு: கெடாவின் பசுமை வெளிகள் யாருடையவை?

கெடாவில் ஒரு தமிழர் 'தோட்டம்' என்று சொன்னால் அது பூந்தோட்டம் இல்லை. ரப்பர் அல்லது செம்பனை எஸ்டேட். மலாயில் 'தாமான்' என்றாலும் தோட்டம்தான். ஆனால் அந்தச் சொல் வீடமைப்புப் பகுதிக்கும் பெயராக இருக்கிறது, பூங்காவுக்கும் பெயராக இருக்கிறது. "எங்க தாத்தா தோட்டத்துல இருந்தாரு, நாங்க இப்ப தாமான்ல இருக்கோம்" என்று ஒருவர் சொன்னால், அகராதிப்படி அவர் ஒரு தோட்டத்திலிருந்து இன்னொரு தோட்டத்துக்குப் போயிருக்கிறார். நடந்தது என்னவோ வேறு.

வார இறுதியில் குடும்பத்தோடு, நண்பர்களோடு பச்சையாக ஓரிடம் தேடிப் போக நினைக்கிற இளையோருக்கு கெடாவில் இடங்கள் நிறைய. அலோர் ஸ்டார் நகரப் பூங்கா, பூஜாங் பள்ளத்தாக்கின் பழைய கோயில்கள், ஜெராய் மலையின் அருவிகள், மெர்போக் ஆற்றின் சதுப்புநிலக் காடு. எப்படிப் போவது, என்ன கவனிப்பது என்பதைப் பார்ப்போம். கூடவே, அதிகம் கேட்கப்படாத ஒரு கேள்வியும்: நாம் நிற்கிற அந்தப் புல்தரை யாருடையது?

முதலில் ஒரு சின்னக் குறிப்பு. கெடாவில் வார விடுமுறை வெள்ளியும் சனியும். பினாங்கு, பேராக்கிலிருந்து வருகிறவர்கள் ஞாயிற்றுக்கிழமை வந்தால், உள்ளூர்க்காரர்கள் வேலையிலும் பள்ளியிலும் இருப்பார்கள். அருவிக்கரையில் இடம் கிடைக்கும்.

பார்க் இல்லாத காலத்தில் பாடாங்

1909-இல் சயாமுக்கும் பிரிட்டனுக்கும் இடையே நடந்த உடன்படிக்கையில் கெடா பிரிட்டிஷ் செல்வாக்கின் கீழ் வந்தது. ரயில் பாதை 1915-இல் அலோர் ஸ்டாரைத் தொட்டது. தென் கெடாவில் சுங்கைப்பட்டாணி, பீடோங், கூலிம், பாடாங் செராய் வட்டாரங்களில் ரப்பர் தோட்டங்கள் பெருகின. அவற்றின் பெயர்களைக் கேட்டால் உலகப்படம் விரியும்: ஹார்வர்ட், டப்ளின், விக்டோரியா. தமிழ்நாட்டுக் கிராமங்களிலிருந்து வந்து சேர்ந்தவர்களின் வாயில் அந்தப் பெயர்களெல்லாம் தமிழாகிவிட்டன.

அந்தத் தோட்டங்களில் பூங்கா என்று தனியாக எதுவும் இல்லை. தேவையும் இல்லை. லயத்து வீடுகளுக்கு எதிரே ஒரு பாடாங் இருக்கும். சாயங்காலம் பந்து விளையாட்டு, திருவிழாவில் கூத்து, பள்ளி விளையாட்டுப் போட்டி, திரைகட்டிப் படம் எல்லாம் அங்கேதான். அதைத் தாண்டினால் பால்மரக்காடு. வெயில் காலத்தில் ரப்பர் இலை சிவந்து உதிரும்; காய் படபடவென்று வெடித்துக் கொட்டை தெறிக்கும். பிள்ளைகளுக்கு அந்தக் கொட்டைதான் கோலிக்குண்டு. மாடு வளர்த்தவர்களுக்கு மர நிழல்தான் மேய்ச்சல் நிலம். கோயில் மரத்தடியில் ஊர்க் கூட்டம்.

பாடாங் வெறும் விளையாட்டுத் தரை மட்டுமில்லை. இரண்டாம் உலகப் போர் முடிந்த கையோடு, 1946–47-இல், பீடோங் ஹார்வர்ட் தோட்டத்தில் ஏ.எம். சாமியின் தலைமையில் 'தொண்டர் படை' உருவானது. கள்ளுக்கடையை ஒழிப்பதுதான் அதன் முதல் வேலை. இளைஞர்கள் சீருடை அணிந்து அணிவகுத்தார்கள். பக்கத்துத் தோட்டங்களுக்கும் இயக்கம் பரவியது. கூலி உயர்வுக் கோரிக்கைகளோடும் வேலைநிறுத்தங்களோடும் சேர்ந்தது. 1947-இல் போலீஸ் நடவடிக்கையில் தொழிலாளர்கள் உயிரிழந்தார்கள், பலர் கைதானார்கள், இயக்கம் அடக்கப்பட்டது. மலேசியத் தமிழர் வரலாற்றில் இது பெரிய அத்தியாயம். பசுமை வெளி பற்றிய கட்டுரையில் இது எதற்கு என்று தோன்றலாம். நூறு பேர் ஒன்றாக நின்று பேச ஓர் இடம் வேண்டும். தோட்டத்தில் அப்படிப்பட்ட இடம் முதலாளியின் நிலத்தில்தான் இருந்தது. அங்கே யார் நிற்கலாம், எதற்காக நிற்கலாம் என்பதெல்லாம் துரையின் அனுமதியைப் பொறுத்தது.

சிக்கலின் வேர் இதுதான். பாடாங்கும் கோயில் திடலும் மேய்ச்சல் நிழலும் தோட்டத்து மக்கள் மூன்று நான்கு தலைமுறையாகப் புழங்கிய இடங்கள். 'எங்க பாடாங்' என்றுதான் சொன்னார்கள். நிலப் பட்டாவில் அவை கம்பெனியின் சொத்து.

தோட்டம் கைமாறியபோது

ரப்பரைவிடச் செம்பனை லாபம் என்றானது. பிறகு செம்பனையைவிட வீட்டு மனை லாபம் என்றானது. குறிப்பாக 1980-களிலிருந்து தோட்டங்கள் துண்டு துண்டாக விற்கப்பட்டன. தொழிலாளர்கள் லயத்தைக் காலி செய்து பட்டணத்து ஓரங்களுக்கும் அடுக்குமாடிகளுக்கும் தாமான்களுக்கும் போனார்கள். வீடு போனது, வேலை போனது, சில இடங்களில் கோயிலும் தமிழ்ப்பள்ளியும் இடம் மாறின. இவையெல்லாம் செய்தியாயின. பாடாங் போனது மட்டும் பெரிதாகப் பேசப்படவில்லை. வீட்டுக்கு ஈடு கேட்கலாம். சாயங்காலம் உட்கார்ந்திருந்த மரத்தடிக்கு எந்தப் படிவத்தில் ஈடு கேட்பது?

பீடோங்கில் இன்று ஹார்வர்ட் என்ற பெயரில் ஒரு கோல்ஃப் மைதானம் இருக்கிறது. பச்சைப் பசேலென்றுதான் இருக்கிறது. ஆனால் சாயங்காலம் பிள்ளைகள் பந்தை எடுத்துக்கொண்டு உள்ளே ஓடிவிட முடியாது.

பட்டணத்துப் பூங்காக்கள்

அலோர் ஸ்டாரிலிருந்து தொடங்கலாம். 1735-இல் சுல்தான் முகமட் ஜீவா காலத்தில் தலைநகரான ஊர் அது. 2003-இல் மாநகர் தகுதி பெற்றது. 1912-இல் கட்டி முடிக்கப்பட்ட ஸாஹிர் பள்ளிவாசல், பாலாய் பெசார் அரச மண்டபம், நோபாட் இசைக்கருவிகள் வைத்திருக்கும் பாலாய் நோபாட் ஆகிய மூன்றும் எட்டி நடக்கிற தூரத்தில் இருக்கின்றன. அவற்றுக்கு நடுவே உள்ள திறந்தவெளியில் மாலை ஆறு மணிக்கு மேல் நடந்து பாருங்கள். பகலில் வேண்டாம், காரணம் கீழே வருகிறது. ஓடவும் நடக்கவும் நினைப்பவர்கள் சுக்கா மெனாந்தியில் உள்ள தாமான் ஜூப்லி எமாஸுக்குப் போகிறார்கள். நகருக்குச் சற்று வெளியே குனோங் கெரியாங் சுண்ணாம்புக் குன்று, அதன் அடியில் நெல் அருங்காட்சியகம். சுற்றிலும் வயல். மூடா நீர்ப்பாசனத் திட்டத்தின் வயல்வெளிதான் இந்தப் பகுதியின் மிகப் பெரிய பச்சை. அதற்கு நுழைவாயில் கிடையாது, சாலையோரம் நின்று பார்த்தால் போதும்.

சுங்கைப்பட்டாணியில் தாமான் ஜூப்லி பேராக், கூலிமில் தாமான் தாசேக் புத்ரா ஏரிப் பூங்கா. இரண்டும் குடும்பங்கள் கூடுகிற இடங்கள். கூலிமில் 'பார்க்' என்று இன்னொன்று இருக்கிறது. 1996-இல் தொடங்கப்பட்ட ஹைடெக் பார்க். பெயரைப் பார்த்துப் பாயும் சாப்பாட்டுக் கூடையுமாகப் போய்விடாதீர்கள், அது தொழிற்பேட்டை.

சரி, ஒரு பட்டணத்துக்கு எவ்வளவு பூங்கா இருக்க வேண்டும்? மலேசியாவின் நகரத் திட்டமிடல் அளவுகோல், 1,000 பேருக்கு 2 ஹெக்டேர் திறந்தவெளி என்கிறது. ஆளுக்கு 20 சதுர மீட்டர்; இரண்டு கார் நிறுத்துகிற இடத்துக்கும் கொஞ்சம் குறைவு. புதிதாக ஒரு வீடமைப்புப் பகுதி வந்தால் அதன் நிலப்பரப்பில் 10 விழுக்காடு திறந்தவெளியாக ஒதுக்கப்பட வேண்டும் என்பதும் திட்டமிடல் வழிகாட்டி. அதாவது 100 ஏக்கர் தோட்டம் தாமானாக மாறினால் 10 ஏக்கர் எல்லாருக்குமான இடமாக மிஞ்ச வேண்டும்.

காகிதத்தில் இது நல்ல கணக்கு. தரையில் இறங்கிப் பார்த்தால், அந்தப் பத்து ஏக்கர் ஒரே இடத்தில் இருக்கிறதா, அல்லது வடிகால் ஓரத்தில் ஒரு துண்டு, வளைவில் ஒரு முக்கோணம், கடைசி வீட்டுக்குப் பின்னால் ஒரு பட்டை என்று சிதறிக் கிடக்கிறதா என்பதுதான் விஷயம். துண்டுகளைக் கூட்டினாலும் விழுக்காடு சரியாகத்தான் வரும். பந்து விளையாடத்தான் முடியாது. பழைய பாடாங்கில் இரண்டு அணி ஆடும்போதே ஓரத்தில் பாட்டிகள் உட்கார்ந்து வெற்றிலை போட இடம் இருந்தது.

பூஜாங் பள்ளத்தாக்கு: அவசரப்படாமல் பார்க்க வேண்டிய இடம்

கெடாவில் ஒரே ஒரு நாள்தான் இருக்கிறது என்றால் நேராக மெர்போக்குக்குப் போங்கள். சுங்கைப்பட்டாணியிலிருந்து பீடோங் வழியாகப் போகலாம். ஜெராய் மலையின் தெற்குச் சரிவில், ஓடை ஒன்றின் பக்கத்தில் பூஜாங் பள்ளத்தாக்குத் தொல்பொருள் அருங்காட்சியகம் இருக்கிறது. உள்ளே சிலைகள், மணிகள், சீனப் பீங்கான் துண்டுகள். வெளியே மரங்களுக்கு நடுவே பழைய கோயில் அடித்தளங்கள். மலாயில் 'சண்டி' என்பார்கள்.

மேட்டில் இருக்கிற சண்டி புக்கிட் பத்து பஹாட்தான் பெரியது. கருங்கல் அடித்தளம், தூண் நட்ட குழிகள், முன்னே மண்டபம், பின்னே கருவறை. கூரை இல்லை, அது மரத்தாலும் ஓலையாலும் ஆனதாக இருந்திருக்கலாம் என்கிறார்கள். 1930-களில் குவாரிச் வேல்ஸ் தம்பதியர் இந்தப் பள்ளத்தாக்கில் முறையாக அகழ்ந்தார்கள். அலஸ்டேர் லாம்ப் 1959–60-இல் இந்தக் கோயிலின் கற்களைப் பழைய இடத்திலேயே அடுக்கி நிறுத்தினார். வளாகத்தில் உள்ள மற்ற சில கட்டடங்கள் வேறு இடங்களில் கிடைத்தவை. பாதுகாப்புக்காகப் பெயர்த்து இங்கே கொண்டுவரப்பட்டவை. சண்டி பெண்டியாட், சண்டி பெண்டாங் டாலாம் அப்படி வந்தவைதான். பார்க்கும்போது இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இந்தப் பூங்காவில் இருப்பது ஒரே ஊர் இல்லை, பல ஊர்களின் மிச்சம்.

தமிழ் படித்தவர்களுக்கு இந்த இடத்தின் பெயர் புதிதல்ல. சோழர் கல்வெட்டுகளில் வருகிற கடாரம் இந்த வட்டாரம்தான் என்பது வரலாற்று ஆய்வாளர்கள் பரவலாக ஏற்ற கருத்து. 1025 வாக்கில் முதலாம் இராசேந்திரனின் கடற்படை இங்கே வந்தது. அவனுக்குக் 'கடாரம் கொண்டான்' என்ற பட்டம் கிடைத்தது. நம் மேடைகளில் அந்தப் படையெடுப்பு மட்டும்தான் திரும்பத் திரும்ப ஒலிக்கிறது. அதற்கு இருபது ஆண்டுகளுக்கு முன்பு கடாரத்து அரசன் நாகப்பட்டினத்தில் ஒரு புத்த விகாரம் எழுப்ப, அதற்கு இராசராசன் ஆனைமங்கலம் ஊரைத் தானமாகக் கொடுத்த கதையும் செப்பேட்டில் இருக்கிறது. போரைவிட இந்தப் போக்குவரத்துதான் பள்ளத்தாக்கைப் புரிந்துகொள்ள உதவும். இது வணிகர்கள் பருவக்காற்றுக்காகக் காத்திருந்த துறைமுகப் பகுதி. இந்துக் கோயிலும் பௌத்தத் தலமும் ஒரே ஆற்றங்கரையில் இருந்தன. கடலிலிருந்து வருகிற கப்பலுக்கு ஜெராய் மலைதான் அடையாளம். மேட்டில் நின்று அந்த மலையைப் பார்க்கும்போது இது தானாகவே விளங்கும்.

இந்தச் சின்னங்களில் பலவற்றைத் தாங்கி நின்ற நிலம் எது தெரியுமா? தோட்டம். சுங்கை பத்துவில் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் பேராசிரியர் மொக்தார் சைடின் குழு 2009 முதல் பெரிய அளவில் அகழ்ந்தது செம்பனை நிலத்தில்தான். இரும்பு உருக்கிய உலைகள், துருத்தியிலிருந்து காற்றைக் கொண்டுபோன மண்குழாய்கள், செங்கல் கட்டுமானங்கள், படகுத்துறை எச்சங்கள் வெளிவந்தன. இங்கு இரும்புத் தொழில் கிறிஸ்துவுக்கு முன் ஆறாம் நூற்றாண்டிலேயே இருந்தது என்று அகழாய்வுக் குழு சொன்னது. அந்தக் காலக்கணிப்பு மிகப் பழமையானது என்று எல்லா ஆய்வாளர்களும் ஏற்கவில்லை, விவாதம் தொடர்கிறது. தொன்மை எவ்வளவு என்பதில் சண்டை இருக்கலாம். நம் பாட்டன்மார்கள் மரம் வெட்டிப் பால் எடுத்த வட்டாரத்தின் மண்ணுக்கடியில் ஒரு தொழில் நகரம் புதைந்திருந்தது என்பதில் சண்டை இல்லை.

சண்டி 11-க்கு என்ன ஆனது?

2013 டிசம்பர் தொடக்கத்தில் ஒரு செய்தி வந்தது. பீடோங் பக்கம் சுங்கை பத்து தோட்ட நிலத்தில் இருந்த, சுமார் 1,200 ஆண்டு பழமையானதாகச் சொல்லப்பட்ட 11-ஆம் எண் சண்டி இடித்துத் தரைமட்டமாக்கப்பட்டிருந்தது. வீடமைப்புத் திட்டத்துக்காக நிலத்தைச் சமப்படுத்தியபோது நடந்தது. பூஜாங் பள்ளத்தாக்கைப் பல ஆண்டுகளாக ஆராய்ந்து நூல் எழுதிய டத்தோ வீ. நடராஜனும், அப்போது பினாங்கு துணை முதல்வராக இருந்த பேராசிரியர் பி. இராமசாமியும் இதைப் பொதுவெளிக்குக் கொண்டுவந்தார்கள். நாடு முழுக்கக் கண்டனம். தமிழர்கள் மட்டும் இல்லை, மலாய், சீன வரலாற்று ஆர்வலர்களும் கொதித்தார்கள்.

அப்போது அதிகாரத் தரப்பு சொன்ன விளக்கத்தில் இரண்டு வரிகள் முக்கியம். நிலம் தனியாருடையது. அந்த இடம் மரபுத் தலமாக வர்த்தமானியில் அறிவிக்கப்படவில்லை.

மலேசியாவில் 2005-ஆம் ஆண்டின் தேசிய மரபுச் சட்டம் இருக்கிறது. அதன்கீழ் ஓர் இடத்தை மரபுத் தலமாக அறிவிக்கலாம். அறிவித்துவிட்டால் இடிப்பது குற்றம். ஆனால் கூட்டரசு அமைப்புச் சட்டப்படி நிலம் மாநிலத்தின் கையில். மரபுச் சட்டம் மத்திய அரசின் கையில். இரண்டு கைக்கும் நடுவில் அறிவிப்பு இல்லாத ஒரு கல் கட்டடம் தனியார் பட்டாவுக்குள் இருந்தால், அதைக் காப்பாற்ற மண்வாரி இயந்திரத்துக்கு முன்னால் யாராவது நிற்க வேண்டும். அன்று யாரும் நிற்கவில்லை, ஏனென்றால் நடப்பது யாருக்கும் தெரியவில்லை.

பாடாங்குக்கு நடந்ததும் சண்டி 11-க்கு நடந்ததும் ஒரே கதைதான். பழக்கத்தில் எல்லாருக்கும் சொந்தம், பத்திரத்தில் ஒருவருக்கு மட்டும்.

ஜெராய் மலையும் தண்ணீரும்

ஜெராய் 1,217 மீட்டர் உயரம். குரூண் பக்கமிருந்து மலைச்சாலை மேலே ஏறுகிறது. மேலே தங்குமிடமும் வனவியல் அருங்காட்சியகமும் இருக்கின்றன. காற்று குளிர்ச்சி. மேகம் இல்லாத நாளில் ஒரு பக்கம் வயல், மறுபக்கம் கடல். செமிலிங்கில் உள்ள ஏய்ம்ஸ்ட் பல்கலைக்கழக மாணவர்களுக்கு இந்த மலை ஜன்னலுக்கு வெளியே இருக்கிற காட்சி. வார இறுதிகளில் அவர்களில் பலர் மலை ஏறுகிறவர்கள்தான்.

மலையைச் சுற்றி அருவிகள்: மெர்போக் பக்கம் துப்பா, யான் பக்கம் ஸ்ரீ பெரிகி, தித்தி ஹாயுன், பத்து ஹம்பார். குளிக்கப் போகிற குடும்பங்கள் அதிகம். அதனால் இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. 2021 ஆகஸ்ட் 18 அன்று ஜெராய் மலையில் பெய்த கடும் மழையால் யான் வட்டாரத்தில் திடீர் வெள்ளம் மரத்தையும் பாறையையும் சேற்றையும் அடித்துக்கொண்டு வந்தது. உயிர்கள் போயின, வீடுகளும் அருவிக்கரை வசதிகளும் சிதைந்தன.

மலாயில் இதற்கு 'கெப்பாலா ஆயர்' என்று பெயர். தண்ணீரின் தலை. நீங்கள் குளிக்கிற இடத்தில் வெயில் அடிக்கலாம். மேலே மலையில் மழை கொட்டிக்கொண்டிருக்கலாம். அதுதான் இதன் ஆபத்து. தெளிந்த நீர் சட்டென்று கலங்கினால், இலையும் சுள்ளியும் மிதந்து வந்தால், நீர்மட்டம் கொஞ்சம் உயர்ந்ததுபோல் தெரிந்தால், மேலிருந்து லாரி வருவதுபோல் உறுமல் கேட்டால், சட்டிபானையை எடுக்க நிற்காதீர்கள். பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு கரைக்கு ஓடுவது போதாது, மேட்டுக்கு ஏறுங்கள். ஓடையோடு சேர்ந்து கீழ்நோக்கி ஓடவே கூடாது. மத்தியானத்துக்கு மேல்தான் மழை அதிகம் என்பதால் காலையில் போய் ஒரு மணிக்குள் கிளம்பிவிடுவது நல்ல பழக்கம்.

இன்னொன்று, எலிச் சிறுநீர்க் காய்ச்சல். காலில் வெட்டுக்காயம் இருந்தால் ஓடையில் இறங்காதீர்கள். குளித்துவிட்டு வந்து சில நாளில் காய்ச்சலும் உடம்பு வலியும் வந்தால், அருவிக்குப் போனதை மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள். சாப்பாட்டு மிச்சத்தை அங்கேயே விட்டுவிட்டு வருகிறவர்கள்தான் எலிக்கு விருந்து வைக்கிறார்கள், வேறு யாரும் இல்லை.

காட்டுப் பாதையில் மலையேற விரும்பினால் சட்டம் குறுக்கே வரும். நிரந்தர வனக் காப்பகத்துக்குள் நுழைய மாநில வனத்துறையின் அனுமதி வேண்டும். 1984-ஆம் ஆண்டின் தேசிய வனவியல் சட்டம் அதற்கு அடிப்படை. "எல்லாரும்தான் போறாங்க" என்பது அனுமதி ஆகாது. வழி தவறினால் தேட வருகிறவர்களுக்கு நீங்கள் உள்ளே போனதே தெரியாது என்பதுதான் அபராதத்தைவிடப் பெரிய பிரச்சினை. கூலிம் வட்டாரத்து செடிம் ஆற்றுப் பகுதி, பாலிங் பக்கத்து லாதா பாயு, ஜித்ரா அருகே புக்கிட் வாங் ஆகியவையும் பெயர்பெற்ற காட்டுப் பொழுதுபோக்கு இடங்கள். மழைக்காலத்தில் இவற்றில் சில மூடப்படும். கிளம்புவதற்கு முன் வனத்துறை அல்லது மாவட்ட அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள்.

அருவி வேண்டாம், அமைதிதான் வேண்டும் என்பவர்களுக்கு மெர்போக் ஆற்று முகத்துவாரம். செமிலிங் படகுத்துறையிலிருந்து படகில் போனால் இரண்டு பக்கமும் சதுப்புநிலக் காடு, வேர்கள் தண்ணீருக்கு மேலே கால் ஊன்றி நிற்கும். கொக்கு, மீன்கொத்தி, அதிர்ஷ்டம் இருந்தால் கழுகு. 2004 சுனாமி கெடாக் கரையில் கோத்தா கோலா மூடாவைத் தாக்கிய பிறகு இத்தகைய காடுகள் ஏன் வேண்டும் என்று யாருக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

நிழல் ஏன் ஆடம்பரம் இல்லை

மலேசியாவில் இதுவரை பதிவான உச்ச வெப்பநிலை 40.1 டிகிரி செல்சியஸ். 1998 ஏப்ரல் 9 அன்று, கெடாவுக்கு அடுத்த பெர்லிஸ் மாநிலத்து சுப்பிங்கில். வடக்கு மாநிலங்களில் ஜனவரி முதல் மார்ச் வரை வறட்சி. ஏப்ரலில் வெயில் உச்சிக்கு ஏறும். ஒரு வட்டாரத்தில் தொடர்ந்து மூன்று நாள் 35 முதல் 37 டிகிரி வரை போனால் வானிலைத் துறை முதல் கட்ட எச்சரிக்கை விடும்; 37-ஐத் தாண்டினால் வெப்ப அலை. இந்த எச்சரிக்கைப் பட்டியலில் கெடா மாவட்டங்களின் பெயர் அடிக்கடி வரும்.

அதனால்தான் அலோர் ஸ்டாரில் மாலை நடை என்றோம். ஒரு பூங்காவை மதிப்பிட ஊஞ்சலை எண்ணாதீர்கள், மத்தியானம் இரண்டு மணிக்கு எத்தனை பேர் நிழலில் உட்கார முடியும் என்று பாருங்கள். புதிய தாமான்களில் பெரும்பாலும் நடப்படுவது ஓங்கி வளர்கிற அலங்காரப் பனை வகை. கண்ணுக்கு அழகு, தலைக்கு நிழல் இல்லை. பழைய பால்மரக்காட்டில் வேலை செய்தவர்கள் கொசுவையும் அட்டையையும் பற்றிக் குறை சொல்வார்கள், நிழலைப் பற்றி யாரும் குறை சொன்னதாகக் கேட்டதில்லை.

உங்கள் தாமான் பாடாங்கை எப்படிச் சோதிப்பது?

முதல் வேலை, அது யார் பெயரில் இருக்கிறது என்று தெரிந்துகொள்வது. மூன்று வகை உண்டு. அரசு நிலமாகி, பொதுப் பயனுக்கு என்று வர்த்தமானியில் ஒதுக்கப்பட்டது. ஊராட்சி மன்றம் பராமரித்தாலும் இன்னும் ஒதுக்கீட்டு அறிவிப்பு வராதது. இன்னும் மேம்பாட்டாளர் அல்லது தோட்டக் கம்பெனி பெயரிலேயே இருப்பது. வெளியே பார்க்க மூன்றும் ஒரே புல்தான்.

முதல் வகைக்குத்தான் பாதுகாப்பு அதிகம். நிலச் சட்டப்படி பொதுப் பயனுக்கு ஒதுக்கிய நிலத்தின் ஒதுக்கீட்டை ரத்து செய்வதற்கு என்று தனி நடைமுறை இருக்கிறது. சத்தமில்லாமல் எடுத்துவிட முடியாது. விவரம் மாவட்ட நில அலுவலகத்தில் கிடைக்கும். போகும்போது லாட் எண் தெரிந்திருந்தால் வேலை சுலபம். தெரியாவிட்டால் அந்த இடத்தின் வரைபடத்தைக் காட்டிக் கேளுங்கள்.

இரண்டாவது, உள்ளூர்த் திட்டம். மலாயில் 'ரஞ்சாங்கான் தெம்பாத்தான்'. அடுத்த பல ஆண்டுகளுக்கு எந்த நிலம் வீடு, எந்த நிலம் தொழிற்சாலை, எந்த நிலம் பூங்கா என்று வண்ணம் தீட்டி வைக்கிற ஆவணம் அது. 1976-ஆம் ஆண்டின் நகர, கிராமத் திட்டமிடல் சட்டப்படி அதன் வரைவைப் பொதுமக்கள் பார்வைக்கு வைக்க வேண்டும். குறைந்தது நான்கு வாரம் கருத்தோ எதிர்ப்போ தெரிவிக்க அவகாசம் தர வேண்டும். அறிவிப்பு செய்தித்தாளிலும் மன்ற அலுவலகத்திலும் வரும். பெரும்பாலான குடியிருப்பாளர்கள் அதைப் பார்ப்பதில்லை. மண்வாரி இயந்திரம் வந்த பிறகுதான் பதாகை பிடிக்கிறோம். வரைபடத்தில் பச்சை நிறம் மஞ்சளாக மாறியது சில ஆண்டுகளுக்கு முன்பே முடிந்திருக்கும்.

அலோர் ஸ்டார் மாநகர் மன்றம், சுங்கைப்பட்டாணி நகராண்மைக் கழகம், கூலிம் நகராண்மைக் கழகம் ஆகியவை தங்கள் பகுதிக்கான உள்ளூர்த் திட்டத்தை வைத்திருக்கின்றன. அலுவலகத்தில் கேட்டுப் பார்க்கலாம். ஆட்சேபம் எழுதுகிறவர்கள் மலாயில், எழுத்துப்பூர்வமாக, லாட் எண்ணோடு, அந்த இடத்தை எத்தனை வீட்டுக்காரர்கள் எதற்குப் பயன்படுத்துகிறார்கள் என்ற விவரத்தோடு எழுதுங்கள். சாயங்காலக் கூட்டத்தைப் படம் எடுத்து இணைத்தால் இன்னும் நல்லது. தோட்டத்து முதியவர்கள் யாராவது அந்த இடத்தின் பழைய கதை சொன்னால் அதையும் தேதியோடு எழுதி வையுங்கள். சண்டி 11 பற்றி அதிகாரிகளிடம் காட்ட ஆய்வாளர்களின் குறிப்புகளாவது இருந்தன. பெரும்பாலான தோட்டத்துப் பாடாங்குகளைப் பற்றி ஒரு பக்கம் குறிப்புகூட யாரும் எழுதி வைக்கவில்லை.